வோவரைட்: ஏற்றிவிட்டது வங்கி ஊழல், இறக்கிவிட்டது விமான நிலையம்

கேள்வி இது: ‘தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் பெர்லின் போன்ற பெரிய தலைநகரத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் ஆண்டார் என்கிறார்கள். கிளாவுஸ் வோவரைட்டுக்கு அந்த அறிவிப்பு உதவியதா, தடையாக இருந்ததா? கடைசியில் அவர் விலகியதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? பிரதமர் வேட்பாளர் அளவுக்குப் பேசப்பட்டவர் ஏன் அந்த இடத்துக்குப் போகவில்லை?’

விலகியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவரை மேலே கொண்டுவந்தது ஒரு வங்கி ஊழல், கீழே இறக்கியது ஒரு விமான நிலையம். நடுவில் கடன், கூட்டணி, வீட்டு வாடகை என்று எந்தப் பெருநகர ஆட்சியாளரையும் படுத்தும் சமாச்சாரங்கள்தான் அவரையும் படுத்தின. அந்த அறிவிப்பு வேறொரு வேலை செய்தது. ஒருவரை மிரட்டுவதற்கு அதுவரை பயன்பட்டுவந்த ஆயுதத்தை அது செல்லாததாக்கியது. நான் அவருடைய ஆட்சியைப் பல விஷயங்களில் கடுமையாக விமர்சிப்பவன். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ஜெர்மனி கடன்பட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் பதவியைப் பற்றி. பெர்லின் மேயர் என்றதும் நம் ஊர் மாநகராட்சி மேயரை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பெர்லினும் ஒன்று. நகரமும் மாநிலமும் ஒன்றேதான். அதன் தலைவருக்கு ‘ஆளும் மேயர்’ என்று பெயர், அதிகாரமோ முதலமைச்சருடையது. போலீஸ், பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பட்ஜெட் எல்லாம் அவர் அரசின் கையில். அமைச்சர்களை அங்கே செனட்டர்கள் என்பார்கள். மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருப்பவர் உட்காருவார், அது போனால் எழுந்துகொள்ள வேண்டியதுதான். வோவரைட்டின் கதையே இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

அவர் 1953 அக்டோபர் 1 அன்று மேற்கு பெர்லினில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கூட இல்லை, அம்மா ஒருத்தியாக வளர்த்த வீடு. நகரின் தெற்கு ஓரத்தில் லிஷ்டன்ராடே என்ற பகுதியில் வளர்ந்தார். சட்டம் படித்தார். 1972-இல் எஸ்.பி.டி. என்கிற சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1984-இல், முப்பது வயதிலேயே, டெம்பல்ஹோஃப் வட்டாரத்தின் கல்வி, பண்பாட்டுத் துறைக்குப் பொறுப்பாளரானார். பள்ளிக் கட்டடப் பராமரிப்பு, நூலகம், இசைப்பள்ளி, பட்ஜெட்டில் எதை வெட்டுவது என்று பதினோரு ஆண்டுகள் அதே வேலை. 1995-இல் பெர்லின் சட்டமன்றத்துக்குப் போனார், 1999 கடைசியில் கட்சியின் சட்டமன்றக் குழுத் தலைவரானார். நகரத்துக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கோப்புகளோடு குப்பை கொட்டி, கீழிருந்து படிப்படியாக வந்த ஒரு வட்டார அரசியல்வாதி. பின்னாளில் ‘பார்ட்டி மேயர்’ என்று பத்திரிகைகள் பட்டம் கட்டியபோது இந்தப் பதினோரு ஆண்டுகளைப் பலரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அவர் வளர்ந்த காலத்தின் சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு ஆணுக்கு ஆண் உறவைக் குற்றமாக்கியது. நாஜிகள் 1935-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். போர் முடிந்து நாஜி ஆட்சி ஒழிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி அந்தக் கடுமையான வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டது. 1969 வரை அதன்கீழ் சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். நாஜிகள் காலத்துத் தண்டனைகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவு என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. 1969-இல் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விலக்கு வந்தது, 1973-இல் அது 18 ஆகக் குறைந்தது. அப்போது வோவரைட்டுக்கு இருபது வயது. பிரிவு முழுசாக ஒழிந்தது 1994-இல். அதாவது, அவர் அரசியலில் நுழைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. இதைத் தெரிந்துகொண்டால்தான் 2001-இல் நடந்ததன் கனம் புரியும்.

அந்த ஆண்டு பெர்லினை ஆண்டது பழமைவாதக் கட்சியான சி.டி.யு.வும் எஸ்.பி.டி.யும் சேர்ந்த பெரும் கூட்டணி. மேயர் சி.டி.யு.வின் எபர்ஹார்ட் டீப்கன். நகரத்தை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் இருந்த காலத்திலிருந்தே, நடுவில் இரண்டு வருடம் நீங்கலாக, நாற்காலியில் இருந்தவர். அவருடைய வலதுகை கிளாவுஸ் லாண்டோவ்ஸ்கி. இவர் ஒரே நேரத்தில் கட்சியின் சட்டமன்றக் குழுத் தலைவர், நகரத்துக்குப் பெரும்பங்கு உள்ள வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த அடமான வங்கியின் தலைவர். அந்த வங்கியிடம் கோடிக்கணக்கில் கடன் வாங்கிய ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியின் ஆட்களிடமிருந்து கட்சிக்காக 40,000 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) ரொக்கமாக வாங்கினார் என்பது 2001 தொடக்கத்தில் வெளியே வந்தது. தொகை பெரிசில்லை. ஆனால் அந்த நூலைப் பிடித்து இழுத்ததும் வங்கிக் குழுமமே ஓட்டைப் பாத்திரம் என்று தெரிந்தது. அடுக்குமாடிகளில் முதலீடு செய்தவர்களுக்கு இருபது முப்பது வருட வாடகை உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாரம் எல்லாம் நகரத்தின் தலையில் விழும் நிலை. மறு ஆண்டு பெர்லின் சட்டமன்றம் 21.6 பில்லியன் யூரோ வரை உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. நகரத்தின் ஓராண்டு பட்ஜெட்டுக்கு ஏறக்குறையச் சமமான தொகை அது.

வோவரைட் கூட்டணியை முறித்தார். ஜூன் 10 அன்று எஸ்.பி.டி.யின் சிறப்பு மாநாடு கூடியது. அவரை மேயர் வேட்பாளராக நிறுத்தும் மாநாடு. அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது கட்சிக்குள் பலருக்குத் தெரியும், செய்தியாளர்களுக்கும் தெரியும். மஞ்சள் பத்திரிகைகள் தேர்தல் நேரத்தில் அதைக் கையில் எடுக்கும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கட்சித் தலைமைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மேடை ஏறினார். பேச்சின் நடுவே, குரலை உயர்த்தாமல், ‘இன்னும் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்’ என்ற தோரணையில் சொன்னார்: ‘நான் தன்பாலீர்ப்பாளன். அது அப்படி இருப்பதும் நல்லதுதான், தோழர்களே.’ கூட்டம் கைதட்டியது.

இதில் நான் கவனிப்பது அந்த இரண்டாம் வாக்கியத்தைத்தான். முதல் வாக்கியத்தோடு நின்றிருந்தால் அது வாக்குமூலம் மாதிரி ஆகியிருக்கும். தப்பு செய்தவர் ஒப்புக்கொள்வது போல. ‘என் சொந்த விஷயம், விட்டுவிடுங்கள்’ என்று கேட்டிருந்தால் கெஞ்சல் ஆகியிருக்கும். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, பொறுத்துக்கொள்ளவும் கேட்கவில்லை. நல்லது என்றார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் ஜெர்மனியில் ஒருபால் இணையர் பதிவுச் சட்டம் நிறைவேறி, அமலுக்கு வரக் காத்திருந்தது. பவேரியாவும் சாக்சனியும் அதை நிறுத்த அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயிருந்தன. 2001 ஆகஸ்ட் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்படிச் சூடான ஒரு கோடையில் வந்த பேச்சு அது. சில வாரங்களில் அந்த வாசகம் சட்டைகளிலும் பொத்தான் பேட்ஜ்களிலும் வந்துவிட்டது.

ஆறு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, டீப்கன் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. பசுமைக் கட்சியும், பி.டி.எஸ். கட்சியும் ஆதரிக்க, வோவரைட் ஆளும் மேயரானார். இங்கேதான் உண்மையான சண்டை. பி.டி.எஸ். என்பது கிழக்கு ஜெர்மனியை நாற்பது ஆண்டு ஆண்ட கட்சியின் வாரிசு. சுவரைக் கட்டியவர்களின் கட்சி. சுவரால் வெட்டுப்பட்ட நகரத்தின் ஆட்சியில் அவர்களுக்கு இடமா என்று மேற்கு பெர்லின் கொதித்தது. அன்றைய பத்திரிகைகளைப் புரட்டினால் இது தெளிவாகத் தெரியும்: வோவரைட் யாரோடு வாழ்கிறார் என்பதைவிட யாரோடு கூட்டுச் சேர்ந்தார் என்பதுதான் அவர் மேல் வீசப்பட்ட பெரிய கல்.

அக்டோபர் 21 தேர்தலில் எஸ்.பி.டி. 29.7 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. சி.டி.யு. 40.8-இலிருந்து 23.8-க்குச் சரிந்தது. வங்கி ஊழலுக்கு மக்கள் கொடுத்த அடி அது. கிரிகோர் கீசியை முன்னிறுத்திய பி.டி.எஸ். 22.6 சதவீதம் வாங்கியது. கிழக்கு பெர்லினில் ஏறக்குறையப் பாதி வாக்குகள் அவர்களுக்கு. பசுமைக் கட்சியோடும் தாராளவாதக் கட்சியோடும் பேசிப் பார்த்தார்கள், பேச்சு முறிந்தது. 2002 ஜனவரியில் எஸ்.பி.டி.யும் பி.டி.எஸ்.ஸும் சேர்ந்து அரசு அமைத்தன. கூட்டணி ஒப்பந்தத்தின் முகப்பிலேயே சுவரையும், கிழக்கு ஜெர்மனியில் 1953 ஜூனில் நடந்த தொழிலாளர் எழுச்சி நசுக்கப்பட்டதையும் கண்டித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பொருளாதார செனட்டரான கீசி அதே ஆண்டு ஜூலையில் விலகிவிட்டார். ஆனாலும் அந்தக் கூட்டணி பத்தாண்டு ஓடியது.

ஓடியது சரி, எதை வைத்து ஓட்டினார்கள்? கஜானா காலி. பிரிவினைக் காலத்தில் மேற்கு பெர்லினை மத்திய அரசு கைகொடுத்துத் தாங்கியது. இணைந்த பிறகு அந்தப் பணம் வேகமாக வற்றியது, தொழிற்சாலைகளும் போயின. கடன் ஏறி ஏறி 2006 வாக்கில் 60 பில்லியன் யூரோவைத் தொட்டது. வோவரைட் நிதித்துறையை தீலோ சாராட்சினிடம் கொடுத்தார். அவர் கத்தியை எடுத்தார். அரசு ஊழியர் சங்கங்களோடு 2003-இல் ஓர் ஒப்பந்தம்: 8 முதல் 12 சதவீதம் வரை சம்பளத்தை விட்டுக்கொடுங்கள், வேலை நேரமும் அதற்கேற்பக் குறையும், யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். சமூக வீடமைப்புக்கான தொடர் மானியமும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. ‘எங்களால் முடியவில்லை, மத்திய அரசு உதவ வேண்டும்’ என்று கார்ல்ஸ்ரூயே அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 அக்டோபரில் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு 2007, 2008 ஆண்டுகளில் பட்ஜெட் உபரி காட்டியது. அந்த நகரத்துக்கு அது பெரிய சாதனை. (சாராட்சின் பிற்பாடு குடியேறியவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தால் நாடே கொந்தளித்தது தனிக் கதை. அப்போது அவர் வோவரைட் அரசில் இல்லை.)

‘பெர்லின் ஏழைதான், ஆனால் கவர்ச்சியானது’ என்று வோவரைட் 2003-இல் ஒரு பேட்டியில் சொன்னது இந்தப் பஞ்சத்தின் நடுவேதான். உலகம் முழுக்கப் பரவிய வாசகம். வாடகை குறைவு, இடம் தாராளம், யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று கலைஞர்களும் இளைஞர்களும் வந்து குவிந்தார்கள். சுற்றுலா பெருகியது. 2006-இல் புதிய மத்திய ரயில் நிலையம் திறந்தது, அந்தக் கோடையில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி நடந்தது. வோவரைட் எல்லா விருந்திலும் இருந்தார். கையில் ஷாம்பெயின் பாட்டிலும் சிவப்புக் குதிகால் செருப்புமாக நிற்கும் அவருடைய ஒரு படம் வருடக்கணக்கில் அவரை விடாமல் துரத்தியது. அந்தப் படத்தின் மேல் வந்த கேலியில் தன்பாலீர்ப்பு பற்றிய மறைமுகக் குத்தல் இருந்தது என்பது என் அபிப்பிராயம். திருமணமான ஆண் மேயர் அதே செருப்போடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். அறிவிப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நேருக்கு நேர் சொல்ல முடியாமல் போனதைப் பக்கவாட்டில் சொன்னார்கள்.

அவருடைய துணைவர் யோர்ன் குபிக்கி ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர். 1993-லிருந்து சேர்ந்து வாழ்ந்தவர்கள். அரசு விழாக்களிலும் பத்திரிகையாளர் நடன விழாவிலும் மேயரின் துணைவராகவே அவர் வந்தார். முதல் வருடம் படமெடுக்க முண்டியடித்த புகைப்படக்காரர்கள் போகப்போக அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். 2008 மே மாதம், டியர்கார்டன் பூங்காவில், நாஜிகளால் துன்புறுத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது, நகரத்தின் சார்பில் அங்கே நின்றவர் வோவரைட். இன்னும் நாற்பது ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் அவரையே சிறையில் தள்ளியிருக்கக்கூடிய நகரம் அது.

இனி அந்த ஆட்சியின் கசப்பான பக்கம். 2004-இல் நகரத்துக்குச் சொந்தமான ஜி.எஸ்.டபிள்யூ. வீட்டு நிறுவனத்தை, சுமார் 65,000 வீடுகளோடு, முதலீட்டு நிறுவனங்களுக்கு 405 மில்லியன் யூரோவுக்கு விற்றார்கள். நிறுவனத்தின் கடன் சுமார் ஒன்றரை பில்லியனையும் வாங்கியவர்கள் ஏற்றார்கள், அதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். அப்போது வீடுகள் காலியாகக் கிடந்தன, வாங்க ஆளில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர்களே அழைத்து வந்த கூட்டம் குடியிருக்க எங்கே போகும் என்ற கணக்கை யாரும் போடவில்லை. வாடகை ஏறத் தொடங்கியபோது நகரத்தின் கையில் பிடி இல்லை. 2021-இல், வேறொரு மேயர் காலத்தில், பெர்லின் சுமார் 14,700 வீடுகளைத் திரும்ப வாங்கியது, அவற்றில் பல முன்பு நகரத்துக்குச் சொந்தமானவை. விலை ஏறத்தாழ 2.4 பில்லியன் யூரோ. வோவரைட்டின் ஆட்சியைப் பற்றி இன்று பெர்லின்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் முதலில் திட்டப்போவது பெரும்பாலும் இதைத்தான், அல்லது விமான நிலையத்தை.

2006 தேர்தலில் 30.8 சதவீதத்தோடு மறுபடி ஜெயித்தார். ஆனாலும் சட்டமன்றத்தில் மேயராகத் தேர்ந்தெடுக்கும் நாளில் முதல் சுற்று ரகசிய வாக்கெடுப்பில் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. சொந்தக் கூட்டணியிலேயே யாரோ காலை வாரிவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் நூலிழையில் தப்பினார். 2011-இல் பசுமைக் கட்சி முன்னாள் மத்திய அமைச்சர் ரெனாட்டே கூனஸ்டைக் களமிறக்கியது. ஒரு கட்டத்தில் கருத்துக்கணிப்புகளில் அவரே முந்தினார். கடைசியில் எஸ்.பி.டி. 28.3, பசுமை 17.6. பிறகு பசுமைக் கட்சியோடு கூட்டணி பேச உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலையை நகருக்குள் மூன்று கிலோமீட்டர் சொச்சம் நீட்டுவதா வேண்டாமா என்ற தகராறில் பேச்சு முறிந்தது. வோவரைட் பத்தாண்டுக்கு முன் தான் கவிழ்த்த சி.டி.யு.வோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அவர் செய்த பெரிய அரசியல் பிழை இது என்பது என் கருத்து. மூன்று கிலோமீட்டர் சாலைக்காக இயல்பான கூட்டாளியை இழந்தார்.

இப்போது விமான நிலையம். பெர்லினுக்குத் தெற்கே ஷோனஃபெல்டில் கட்டிய புதிய நிலையம். பெர்லினுக்கு 37, பக்கத்து மாநிலமான பிராண்டன்பர்க்குக்கு 37, மத்திய அரசுக்கு 26 சதவீதப் பங்கு. மேற்பார்வைக் குழுவின் தலைவர் வோவரைட். முழு வேலையையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தபோது கேட்ட விலை மதிப்பீட்டைத் தாண்டியது. துண்டு துண்டாகப் பிரித்துத் தாங்களே கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். பெர்லின் மேயரும் பிராண்டன்பர்க் முதல்வரும் கட்டுமான நிபுணர்கள் இல்லை. அதைக் கண்காணிக்கும் குழுவிலும் அரசியல்வாதிகளே நிறைந்திருந்தார்கள். வேலை நடக்க நடக்கக் கட்டடத்தைப் பெரிதாக்கினார்கள், வரைபடத்தை மாற்றினார்கள்.

திறப்பு 2012 ஜூன் 3 என்று நாள் குறித்தாகிவிட்டது. பழைய டேகல் நிலையத்திலிருந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுபோகத் திட்டம். கடைக்காரர்கள் ஆள் எடுத்துவிட்டார்கள், விமான நிறுவனங்கள் டிக்கெட் விற்றுவிட்டன. மே 8 அன்று, நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், திறப்பு ரத்து என்று அறிவித்தார்கள். காரணம் தீப்பாதுகாப்பு. முனையத்தின் கூரை அழகு கெடக் கூடாது என்று, தீப்பிடித்தால் புகையை மேலே விடாமல் கீழ்நோக்கி இழுத்துத் தரைக்கடியில் கொண்டுபோகும்படி வடிவமைத்திருந்தார்கள். புகை இயல்பாக மேலே போகும், அதை வலுக்கட்டாயமாகக் கீழே தள்ள வேண்டும். புகைபோக்கி மின்விசிறி, கதவு, உணர்கருவி எல்லாம் ஒன்றோடொன்று பேசும் தானியங்கி அமைப்பு கடைசிவரை வேலை செய்யவில்லை. கதவுக்குக் கதவு ஆளை நிறுத்தி, எச்சரிக்கை வந்ததும் கையால் திறக்க வைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வைத்தார்கள். அதிகாரிகள் அனுமதி தரவில்லை.

பிறகு 2013 மார்ச் என்றார்கள், அக்டோபர் என்றார்கள், பிறகு தேதியே சொல்லவில்லை. 2013 ஜனவரியில் வோவரைட் மேற்பார்வைக் குழுத் தலைமையை பிராண்டன்பர்க் முதல்வர் மத்தியாஸ் பிளாட்செக்கிடம் ஒப்படைத்தார். அதே மாதம் சட்டமன்றத்தில் அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தோற்றது. மேயர் பதவி தப்பியது, மானம் போனது. ஜெர்மானியர்கள் எதைக் கட்டினாலும் நேரத்துக்குக் கட்டுவார்கள் என்ற பெயர் உலகச் சந்தையில் கப்பலேறியது. சுமார் 2 பில்லியன் யூரோ என்று தொடங்கிய செலவு 6 பில்லியனைத் தாண்டியது. நிலையம் உண்மையில் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று.

கடைசி அடி டெம்பல்ஹோஃபில் விழுந்தது, அவர் அரசியல் கற்ற அதே வட்டாரத்தில். அங்கிருந்த பழைய விமான நிலையத்தை 2008-இல் மூடியிருந்தார்கள். 300 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டவெளி. ஓடுபாதையில் குழந்தைகள் சைக்கிள் விட்டார்கள், காற்றாடி பறந்தது. அதன் ஓரங்களில் 4,700 வீடுகளும் ஒரு பெரிய மத்திய நூலகமும் கட்ட வோவரைட் அரசு திட்டமிட்டது. நகரத்தில் வீட்டுப் பஞ்சம், திட்டம் தேவையானதுதான் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விமான நிலையத்தைக் கட்ட முடியாதவர்கள் கையில் இந்தத் திடலைக் கொடுக்கவா என்று மக்கள் நினைத்துவிட்டார்கள். 2014 மே 25 வாக்கெடுப்பில் 64.3 சதவீதம் பேர் ஒரு செங்கல்கூட வேண்டாம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று, வோவரைட் விலகலை அறிவித்தார். விமான நிலையம் தன் பெரிய தோல்வி என்பதை அவரே ஒப்புக்கொண்டார். டிசம்பர் 11 அன்று மிஷாயேல் முல்லர் பொறுப்பேற்றார்.

நீங்கள் ‘உதவியதா, தடையா’ என்று கேட்டதற்கு வோவரைட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஹாம்பர்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அதுவும் நகர மாநிலம்தான். 2003-இல் அங்கே சி.டி.யு.வின் ஓலே ஃபொன் பாய்ஸ்ட் மேயர். கூட்டணிக் கட்சித் தலைவரும் உள்துறை செனட்டருமான ரோனால்ட் ஷில், ‘என் அதிகாரியைப் பதவி நீக்கினால் உங்கள் தன்பாலீர்ப்பை வெளியே சொல்வேன், நீதித்துறை செனட்டரோடு உறவு என்று சொல்வேன்’ என்று மிரட்டினார். பழைய ஜெர்மனியில் இந்த மிரட்டலுக்கு மேயர் பணிந்திருப்பார், அல்லது ராஜினாமா செய்திருப்பார். ஃபொன் பாய்ஸ்ட் ஆகஸ்ட் 19 அன்று ஷில்லையே வெளியே அனுப்பினார், மிரட்டலைத் தானே ஊரறியச் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் சி.டி.யு. 47.2 சதவீதம் வாங்கித் தனிப் பெரும்பான்மை பெற்றது. ஷில் கட்சி சட்டமன்றத்திலிருந்தே துடைத்தெறியப்பட்டது. பழமைவாதக் கட்சி, வியாபாரிகளின் நகரம், ஆனாலும் வாக்காளர்களுக்கு அசிங்கமாகப் பட்டது மிரட்டல்தான். இரண்டு ஆண்டுக்கு முன் பெர்லினில் ஒருவர் ‘அது நல்லதுதான்’ என்று சொல்லி நாடு அதைக் கேட்டுப் பழகியிராவிட்டால் இது இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. 2004-இல் தாராளவாதக் கட்சித் தலைவர் கீடோ வெஸ்டர்வெல்லே, அங்கேலா மெர்க்கலின் ஐம்பதாம் பிறந்தநாளுக்குத் தன் துணைவரோடு போனார். 2009-இல் வெளியுறவு அமைச்சரானார்.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. பாரிஸில் பெர்த்ராந்த் தெலனோவே வோவரைட்டுக்கு மூன்று மாதம் முன்னாலேயே, 2001 மார்ச்சில் மேயரானார். 1998-லேயே தொலைக்காட்சியில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டவர். 2002 அக்டோபரில், இரவு முழுக்க நகரத்தைத் திறந்துவைக்கும் கலைவிழாவின் முதல் ஆண்டில், மேயர் மாளிகைக்குள் கூட்டத்தில் வந்த ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். அரசியல்வாதிகளையும் தன்பாலீர்ப்பாளர்களையும் வெறுப்பதாக விசாரணையில் சொன்னான். குத்துப்பட்ட நிலையிலும் விழாவை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார் தெலனோவே. அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரமான ஹூஸ்டனில் 2009-இல், வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான அனிஸ் பார்க்கர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், மூன்று முறை ஜெயித்தார். அவர் கொண்டுவந்த சமத்துவ விதியை 2015 நவம்பரில் அதே நகரத்து வாக்காளர்கள் சுமார் 61 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். ஆளை ஏற்றுக்கொண்ட நகரம் சட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. வோவரைட்டுக்கு அந்தச் சோதனை வரவில்லை. இணையர் பதிவு முதல் 2017-இல் வந்த திருமண உரிமை வரை எல்லாமே மத்திய நாடாளுமன்றம் செய்த சட்டங்கள், பெர்லின் வாக்காளரிடம் போய் நிற்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

கடைசிக் கேள்வி, பிரதமர் வேட்பாளர். 2009 தேர்தலில் எஸ்.பி.டி. படுதோல்வி அடைந்தபின் அவர் கட்சியின் தேசியத் துணைத் தலைவர்களில் ஒருவரானார். இடதுசாரிகளோடு சேர்ந்து ஆளத் தெரிந்தவர், மேடையில் மக்களைக் கவரத் தெரிந்தவர் என்று 2013 தேர்தலுக்கு அவர் பெயர் பேச்சில் அடிபட்டது உண்மை. தன்பாலீர்ப்பாளர் ஒருவரை நாடு பிரதமராக ஏற்குமா என்ற கேள்வியைப் பத்திரிகைகள் அப்போது கேட்டன. ஆனால் கட்சி அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டமே வரவில்லை. வேட்பாளரைத் தீர்மானித்தது 2012 இலையுதிர்காலத்தில். அதற்கு சில மாதம் முன்னால், மே 8 அன்று, ஷோனஃபெல்டில் திறப்பு ரத்தாகிவிட்டது. கட்சி, முன்னாள் நிதியமைச்சர் பேர் ஸ்டைன்ப்ரூக்கை வேட்பாளராக நிறுத்தியது. வோவரைட் 2013-இல் துணைத் தலைவர் பதவியையும் விட்டுவிட்டார்.